அந்தோணிராஜ் காத்திருக்கப் பழகியது

ஜெனிலா முதன்முதலாகத் தண்ணீர் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. வாயால் கேட்கவில்லை. திருப்பூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த பயிற்சி மையத்தில், சின்ன மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, தம்ளர் படம் ஒட்டிய அட்டையை எடுத்து, எதிரே இருந்த சித்ராதேவி டீச்சரின் உள்ளங்கையில் வைத்தாள். "தண்ணி. தண்ணி வேணும்" என்று அவளுக்காகச் சொல்லிக்கொண்டே டீச்சர் உடனே தம்ளரை நீட்டினாள். ஜெனிலா வாங்கிக் குடித்தாள். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய அப்பா அந்தோணிராஜ், வேகமாகப் படியிறங்கித் தெருவுக்குப் போனான்.

அவன் மனைவி நாகஜோதி நெருப்பெரிச்சல் பகுதியில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவில் இருந்தாள். வேலை நேரத்தில் அங்கே போன் கூடாது. அந்தோணிராஜ் அதே கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவன் என்பதால் சூப்பர்வைசர் சாமியப்பனை அழைத்தான்.

"அண்ணாச்சி, ஜோதிகிட்ட ஒரு விஷயம் சொல்லணும். பிள்ளை தண்ணி கேட்டுச்சுன்னு சொல்லுங்க."

"தண்ணி கேட்டுச்சுங்களா? யாராச்சும் கொண்டுபோய்க் குடுக்கோணுமா?"

"வேண்டாம். கேட்டுச்சுன்னு மட்டும் சொன்னாப் போதும்."

சாமியப்பன் மெஷின்களுக்கு நடுவே நடந்துபோய் அப்படியே சொன்னார். நாகஜோதி கையிலிருந்த பனியனைக் கீழே வைக்காமலே பக்கத்திலிருந்த துணிக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுவதைப் பார்த்து, அதே மேசையில் வேலை செய்யும் மயிலாள் பதறினாள்.

"ஏனம்மணி, புள்ளைக்கு மேலுக்குச் சொகமில்லையா?"

"இல்லக்கா. தண்ணி கேட்டிருக்கா."

குழந்தை தண்ணீர் கேட்டால் எதற்கு அழுகை என்று அன்றைக்கு மயிலாளுக்குப் புரியவில்லை.

அந்தோணிராஜுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், உப்பளங்களை ஒட்டிய ஒரு சிற்றூர். மீசை அரும்பும் வயதில் திருப்பூருக்கு வந்து சாயப்பட்டறையில் சேர்ந்தான். ஆவியும் ஈரமும் ஒத்துக்கொள்ளாமல் லாரிக்குக் கிளீனராகப் போய், வண்டி ஓட்டப் பழகி, கம்பெனி வேனுக்கு டிரைவரானான். யாருக்காகவும் ஒரு நிமிடம் நிற்க மாட்டான் என்பதுதான் அவனைப் பற்றி ஆட்கள் சொல்லும் குறை. உசிலம்பட்டியிலிருந்து வேலைக்கு வந்திருந்த நாகஜோதி, அந்த வேனுக்குப் பின்னால் பல காலைகள் ஓடியிருக்கிறாள். ஒருநாள் மூச்சிரைக்க ஏறி, "நாளைக்கு நான் வரலேன்னா நீங்களே என் மெஷின்ல உக்காந்து தைங்க" என்றாள். அவள் தைப்பதில்லை, செக்கிங்கில்தான் இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். சிரித்துவிட்டான். கல்யாணம் அங்கே தொடங்கியது. சாதியும் வேறு, சாமியும் வேறு என்பதால் இரண்டு வீட்டாரும் கொஞ்ச காலம் பேசவில்லை. பிறகு பேசினார்கள், ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கும் அளவுக்கு யாரும் நெருங்கவில்லை.

அதனால் ஜெனிலாவை வளர்த்தது பெரும்பாலும் அந்தோணிராஜ்தான். காலையில் ஆட்களைக் கம்பெனியில் இறக்கிவிட்டால் சாயங்காலம்வரை அவனுக்குப் பெரிய வேலை கிடையாது. சோறூட்டுவது, குளிப்பாட்டுவது, எண்ணெய் வைத்துத் தலைவாருவது எல்லாம் அவன் கை. இரண்டு வயதுவரை வித்தியாசம் தெரியவில்லை. அதற்குப் பிறகு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பவில்லை. காது கேட்கவில்லையோ என்று பயந்தார்கள். ஆனால் தெருமுனையில் அப்பாவின் வேன் திரும்பும் சத்தத்துக்கு எழுந்து வாசலுக்கு ஓடினாள். வந்திருந்த ஒன்றிரண்டு சொற்களும் நின்றுபோயின. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு டாக்டர் ஆட்டிசம் என்றார்.

"எத்தனை நாளைக்கு மருந்து சாப்பிடணும் சார்?" என்று கேட்டான் அந்தோணிராஜ்.

மருந்தில்லை, இது நோயுமில்லை, பிள்ளை உலகத்தை வாங்கிக்கொள்ளும் விதம் வேறு, அதற்கேற்பப் பழக்க வேண்டும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அவனுக்குப் பாதிதான் விளங்கியது. பழக்க வேண்டும் என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அப்படித்தான் அந்த மாடிப்படி ஏறினார்கள்.

தண்ணீர் கேட்ட அன்று மாலை வீட்டில் திருவிழாபோல இருந்தது. நாகஜோதி அனுமதி கேட்டுச் சீக்கிரமே வந்திருந்தாள். டீச்சர் கொடுத்தனுப்பிய அட்டையை மகளுக்கு எட்டும்படி சுவரில் தொங்கவிட்டு இருவரும் எதிரே உட்கார்ந்தார்கள். ஜெனிலாவுக்குத் தாகமெடுத்தது. தண்ணீர்க் குடத்தின் பக்கம் போய் நின்று கத்தினாள். அட்டையைக் காட்டினார்கள், பிடுங்கி எறிந்தாள். கையைப் பிடித்து அட்டையில் வைத்தார்கள். தரையில் விழுந்து புரண்டாள். கடைசியில் எப்போதும்போலத் தம்ளரை வாயருகே பிடித்தார்கள். குடித்துவிட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"அங்க கேட்டாள்ல?" என்றாள் நாகஜோதி. "நீங்க நல்லாப் பாத்தீங்கல்ல?"

"கண்ணால பாத்தேன் ஜோதி."

மறுநாள் அவன் இதைச் சொன்னபோது சித்ராதேவி ஆச்சரியப்படவில்லை. அவளுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. நெசவுக் குடும்பத்துப் பெண். அண்ணன்மார் பனியன் வியாபாரத்துக்குப் போக, இவள் மட்டும் இந்தப் படிப்பைப் படித்துவிட்டு வந்தவள்.

"இது நடக்கறதுதானுங்கண்ணா. இந்த ரூம்பு, இந்த மேசை, நானு. இதெல்லாம் சேந்தாத்தான் அவளுக்கு அந்த அட்டை. ஊட்டுல அது வேற அட்டையாட்டம் இருக்கும். நான் ஊட்டுக்கு வாரேனுங்க, பாக்கலாம்."

அந்த வாரமே வந்தாள். ஒரே வரிசையில் ஆறு வீடுகள் கொண்ட லைன் வீடு அது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் நிட்டிங் மெஷின்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தன. சித்ராதேவி தரையில் ஜெனிலாவுக்குப் பக்கத்தில், ஆனால் தொடாத தூரத்தில், வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஜெனிலா இரண்டு காதையும் பொத்தியபடி சுவரைப் பார்த்திருந்தாள்.

"எங்களுக்கு இந்தச் சத்தம் பழகிருச்சு டீச்சர். இப்ப கேக்குறதே இல்ல" என்றான் அந்தோணிராஜ்.

"அவளுக்குப் பழகலீங்க. அந்தச் சத்தத்தத் தாங்கறதே அவளுக்குப் பெரிய வேலையா இருக்குது. அதுக்கு மேல நாம பாடம் நடத்துனா எப்பிடிங்க?" பிறகு கேட்டாள்: "எந்த எடத்துல இவ நிம்மதியா இருப்பா?"

அவன் யோசிக்கவே இல்லை. "வேன்ல. ஏத்தி உக்கார வச்சிட்டாப் பிள்ளை சத்தமே போடாது. டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி ஒத்தை சீட்டு. அதுல உக்காந்து ரெக்சினைத் தடவிக்கிட்டே இருப்பா."

"அப்ப வேன்லயே ஆரம்பிக்கலாங்க."

அவள் கேலி செய்கிறாளோ என்று அவனுக்குச் சந்தேகம். ஆனால் அடுத்த வாரம் மதிய வேளையில் சித்ராதேவி தன் ஸ்கூட்டியில் கம்பெனிக்கு வந்து, காம்பவுண்டு ஓரத்துப் புங்கமர நிழலில் நின்ற வேனுக்குள் ஏறிவிட்டாள். வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்தார். சாமியப்பன் மேனேஜரிடம் பேசி, நிற்கிற வண்டி என்றால் பரவாயில்லை என்று அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

ஒற்றை சீட்டுக்கு எதிரே, டிரைவர் சீட்டின் முதுகில், ஒட்டிப் பிரிக்கும் பட்டையொன்றைத் தைத்து அதில் நான்கு படங்களை ஒட்டினார்கள். தண்ணீர், முறுக்கு, ஜன்னல், பாட்டு. இங்கே டீச்சர் பக்கத்தில்தான் இருந்தாள். கையை நீட்டி வாங்க வேண்டியது அந்தோணிராஜ்.

அவனுக்கு அது வரவில்லை. மகளின் கண் தண்ணீர் பாட்டில் பக்கம் போனாலே மூடியைத் திறந்துவிடுவான்.

"அண்ணா, கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துட்டா அவ எதுக்குங்க கேக்கோணும்?"

"தெரியுது டீச்சர். கை நிக்க மாட்டேங்கு."

"கொஞ்சம் பொறுங்க. அவளும் யோசிக்கறா. அவ யோசன முடியறதுக்குள்ள நீங்க முடிச்சர்றீங்க. ரொம்ப நேரம் வேண்டாமுங்க. அவளுக்கு ஆத்திரம் வர்ற அளவுக்கு விட்ராதீங்க."

மனதுக்குள் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தால் கை நிற்கும் என்று அவன் கண்டுபிடித்தான். 'அருள்நிறைந்த மரியே' செபத்தைத் தொடங்குவான். பாதிவரை போய்விட்டால் அவனுக்குத் தாங்காது. ஒரு மதியம் அப்படி உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தபோது ஜெனிலா கையை உயர்த்தினாள், ஜன்னல் படத்தில் வைத்தாள், பிரித்தாள். அவன் பக்கம் நீட்டவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டாள். அவன் செபத்தின் மறுபாதிக்குள் போனான். அட்டை மெல்ல அவன் கைக்கு வந்தது.

"ஜன்னல். ஜன்னல் திறக்கணும்" என்று சொல்லிக் கண்ணாடியைத் தள்ளினான். காற்று வந்தது. ஜெனிலா கண்ணை மூடிக்கொண்டாள். டீச்சர் பின் சீட்டில் சத்தமில்லாமல் கைதட்டினாள்.

பிறகு, சாயங்காலம் ஆட்கள் ஏறும்போதும் ஜெனிலா வேனில் இருந்தாள். சித்ராதேவி ஒருநாள் வண்டி கிளம்புமுன் எல்லோரிடமும் பேசினாள். கன்னத்தைக் கிள்ள வேண்டாம், சூழ்ந்து நிற்க வேண்டாம், அவள் அட்டையைக் கொடுத்தால் அதன் பெயரைச் சொல்லி உடனே கொடுங்கள், அவ்வளவுதான். மயிலாள் முறுக்குக்குப் பொறுப்பேற்றாள். ஒடிசாவிலிருந்து வந்த மினாதி என்ற பெண் ஜன்னலோரம் உட்காருகிறவள். அவளுக்குத் தமிழ் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. ஜெனிலா அட்டையை நீட்டும்போதெல்லாம் "ஜன்னல்" என்று அவள் சொல்ல, மயிலாள் உச்சரிப்பைத் திருத்த, வேன் முழுக்கச் சிரிப்பாக இருக்கும். ஜெனிலா தண்ணீர் படத்தையும் எடுக்கத் தொடங்கினாள். ஒருநாள் முறுக்கு அட்டையைக் கொடுக்கும்போது "மு" என்றொரு ஒலி வந்தது. மயிலாள் பொட்டலத்தையே கொடுத்துவிட்டாள். "அக்கா, ஒண்ணு போதும்" என்று நாகஜோதி சொன்னது அவள் காதில் விழவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் கம்பெனி அந்த வேனை விற்றுவிட்டது. பழைய வண்டி, அடிக்கடி பழுதாகி வழியில் நின்றுகொண்டிருந்தது. பதிலுக்குப் பெரிய பஸ் ஒன்று வந்தது. நல்ல வண்டிதான். அந்தோணிராஜுக்கு வேலையும் போகவில்லை. ஆனால் பஸ்ஸின் படியில் கால் வைத்த ஜெனிலா அலறிய அலறல் தெருவெல்லாம் கேட்டது. தன் கையைத் தானே கடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கேயும் அட்டையைத் தொடவில்லை. மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். தூக்கம் குறைந்தது. 'மு' என்ற ஒலியும் நின்றது.

வாரக்கணக்கில் இப்படி. நாகஜோதி ஒருநாள் சொன்னாள், "வராம இருந்திருந்தாக்கூட மனசு இப்படி அடிச்சுக்காது. வந்துட்டுப் போயிருச்சே."

அந்தோணிராஜ் டூவீலரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வேனை வாங்கியவர் பல்லடம் ரோட்டில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிறவர். அவரிடம் போய் நின்றான்.

"வண்டியில டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி ஒத்தை சீட்டு ஒண்ணு இருக்கும். அது மட்டும் வேணும்."

"எந்த வண்டிக்குங்க மாட்டப் போறீங்க?"

"வண்டிக்கு இல்ல. என் பிள்ளைக்கு."

அவர் மேற்கொண்டு விசாரிக்காமல், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தானே உள்ளே ஏறிக் கழற்றிக் கொடுத்தார். டூவீலரின் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பின்சுவருக்குத் தள்ளி வாசல் பக்கமாக, மரக்கட்டையில் இறுக்கி அதை நிறுத்தினான். ஜெனிலா வந்து பார்த்தாள். ரெக்சினில் கையை வைத்தாள். ஏறி உட்கார்ந்துகொண்டு அன்று முழுக்க இறங்கவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு சித்ராதேவி வந்தாள். அந்தச் சீட்டைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"தப்பாப் போச்சா டீச்சர்?"

"இல்லீங்கண்ணா. தப்பு எம்மேல. வேன்ல நல்லா வருதுன்னு சந்தோசத்துல அங்கயே விட்டுட்டேன். அப்பவே நாலு எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கோணும். இப்பப் போலாம். இந்தச் சீட்டுலிருந்தே போலாமுங்க."

அப்படித்தான் போனார்கள். முதலில் அந்தச் சீட்டில் உட்கார்ந்தபடி தண்ணீர். பிறகு சீட்டுக்குப் பக்கத்தில் தரையில். அடுத்து வாசற்படியில். ஒலியைத் தணிக்கும் ஹெட்போன் ஒன்றை டீச்சர் கொடுத்திருந்தாள்; மெஷின் சத்தம் கூடும்போது ஜெனிலா அதைத் தானே எடுத்து மாட்டிக்கொள்ளப் பழகினாள். தெருமுனைப் பெட்டிக்கடையில் பழனாயி என்ற அம்மாள், அட்டையை வாங்கிக்கொண்டு முறுக்கைக் கொடுத்து, அட்டையையும் மரியாதையாகத் திருப்பித் தந்தாள். சில நாள் எல்லாம் சரியாக நடக்கும். சில நாள் ஒன்றும் நடக்காது. நடக்காத நாளில், "இன்னைக்கு இவ்வளவு போதுமுங்க, புள்ள களைச்சுட்டா" என்று சித்ராதேவி எழுந்துவிடுவாள்.

புது பஸ்ஸைக் கடைசியாக வைத்துக்கொண்டார்கள். தூரத்திலிருந்து பார்ப்பது, பக்கத்தில் போய்த் தகரத்தைத் தொடுவது, எஞ்சின் ஓடாதபோது படியில் உட்காருவது. படிக்கு மேல் மட்டும் அவள் போகவில்லை. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து ஆட்களெல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அந்தோணிராஜ் அவசரப்படுத்தவில்லை. யாரும் அவனை அவசரப்படுத்தவும் இல்லை. ஜெனிலா படியில் நின்று உள்ளே பார்த்தாள். பிறகு நேராக ஏறி, டிரைவருக்குப் பின்னாலிருந்த சீட்டைக் கடந்து, ஜன்னலோரம் இருந்த மினாதியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். முறுக்கு வாசனைக்குத்தான் ஏறினாள் என்பது மயிலாளின் கட்சி. நாகஜோதி காற்றுக்கு என்றாள். எதைப் பார்த்து ஏறினாள் என்பது யாருக்கும் தெரியாது. "ஜன்னல்?" என்று மெதுவாகக் கேட்டாள் மினாதி, இப்போது நல்ல தமிழில்.

அதற்குப் பிறகு சித்ராதேவி மனிதர்களையும் அட்டையாக்கினாள். அம்மா, அப்பா, டீச்சர், மயிலாள் என்று போனில் படமெடுத்து ஒட்டிக் கொடுத்தாள். ஜெனிலா அவற்றைப் பார்ப்பாள், தடவுவாள், எடுத்துக் கொடுத்ததில்லை. நாகஜோதிக்கு விடுமுறையாக இருந்த ஒருநாள், மாலையில் அடுப்படியில் நின்றவளின் கையில் ஓர் அட்டை வந்து விழுந்தது. பார்த்தால் அந்தோணிராஜின் படம்.

என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டதை உடனே கொடுக்க வேண்டும் என்பதுதான் சட்டம். கொடுக்க வேண்டியவன் பஸ்ஸில் இருக்கிறான். போன் செய்தாள்.

"ஏங்க, எங்க இருக்கீங்க? புள்ள உங்களக் கேக்குறா."

"என்ன கேக்கா?"

"உங்களத்தாங்க. உங்க அட்டையக் குடுத்துட்டு வாசல்ல போய் நிக்கிறா."

அவன் அப்போதுதான் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனியைவிட்டுக் கிளம்பியிருந்தான். வழக்கமான பாதையில் அவன் வீட்டுத் தெரு கடைசி. ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பி, விஷயத்தைச் சொன்னான். 

"அப்பறம் எதுக்குங்க நின்னுட்டிருக்கறீங்க?" என்றாள் மயிலாள். "வண்டிய உங்க ஊட்டுப் பக்கம் திருப்புங்க."

அந்தப் பெரிய பஸ் அந்தச் சின்னத் தெருவுக்குள் முழுதாக நுழையவில்லை. முனையில் நிறுத்திவிட்டு ஓடினான். ஜெனிலா வாசலில் நின்றிருந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். "அப்பா. அப்பா வந்தாச்சு" என்று அவளுக்காகச் சொன்னான். அவள் நெற்றியை ஒருமுறை அவன் வயிற்றில் முட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அவன் இன்னும் கொஞ்சநேரம் அங்கேயே நின்றான். பஸ்ஸில் ஒருவரும் ஹாரனைத் தொடவில்லை.

இந்த ஜூனில் ஜெனிலாவை அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். முதலில் சித்ராதேவி வகுப்புக்குள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கடைசி பெஞ்சுக்கு மாறினாள். இப்போது வாரத்துக்கு ஒருமுறை வந்து போகிறாள். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தின் சத்தம் அவளுக்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் ஜெனிலா வகுப்பிலேயே இருந்து சாக்பீஸ்களை அடுக்க, வகுப்பாசிரியை அனுமதித்திருக்கிறார். நான்கைந்து சொற்கள் வருகின்றன. மற்றவை அட்டையில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் டவுன் பஸ்ஸில் மாதா கோயிலுக்குக் கிளம்புகிறார்கள். ஜெனிலாவுக்கு டவுன் பஸ் புது இடம். கூட்டம், பாட்டு, கண்டக்டரின் விசில் எல்லாம் சேர்ந்து அவளை மிரட்டுகின்றன. ஆகவே முதல் வாரம் ஒரு ஸ்டாப் மட்டும் போய் இறங்கி, மீதியை நடந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அதற்கடுத்த வாரமும் ஒரு ஸ்டாப்தான்.

பெண்களுக்கு இலவசம் என்பதால் நாகஜோதியும் மகளும் காசு கொடுக்க வேண்டாம். அந்தோணிராஜ் மட்டும் காசை நீட்டினான். "அடுத்த ஸ்டாப்."

கண்டக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, இதுக்கு நடந்தே போயிரலாமுங்களே."

"அங்கேருந்து நடந்துதாங்க போவோம்" என்றான் அந்தோணிராஜ், சிரித்துக்கொண்டே. காதில் ஹெட்போனுடன் மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் இரண்டு ஸ்டாப் போய்ப் பார்க்கலாம் என்று நாகஜோதி சொன்னாள். பார்க்கலாம் என்றான் அவனும்.